உள்பக்கம் திறக்கும் கதவு

பாட்னாவுக்கு ரயிலில் போய் இறங்கினால், ஆட்டோக்காரர் முதலில் கேட்கிற கேள்வி, ‘கோல்கர் பார்த்தாச்சா?’ என்பதாகத்தான் இருக்கும்.

கங்கைக் கரையோரம் ஒரு பிரமாண்டமான முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கட்டடம். உயரம் சுமார் 29 மீட்டர். உள்ளே தூணே கிடையாது. வெளிப்பக்கம் இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து ஏறும் படிக்கட்டு... மொத்தம் 145 படிகள். கூலிக்காரர்கள் தானிய மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு பக்கம் ஏறுவார்கள், உச்சியில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே கொட்டுவார்கள், மறுபக்கம் இறங்குவார்கள். ஐடியா அதுதான்.

கட்டியவர் கேப்டன் ஜான் கார்ஸ்டின் என்ற கம்பெனி இன்ஜினீயர். 1784-ல் உத்தரவு, 1786-ல் வேலை முடிந்தது. இந்த மாகாணங்களில் இனி எப்போதுமே பஞ்சம் வராமல் தடுக்கக் கட்டியது என்று கல்வெட்டிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய திட்டத்தின் முதல் பகுதி இது என்றும் அதில் இருக்கிறது. இரண்டாவது பகுதி வரவேயில்லை என்பது வேறு விஷயம்!

கோல்கரைப் பற்றி பாட்னாவாசிகள் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொல்வார்கள். கீழே இருக்கும் கதவுகளை உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்துவிட்டார்களாம். தானியம் நிரம்பினால் கதவைத் திறக்கவே முடியாது! கடைசிவரை அந்தக் களஞ்சியம் முழுசாக நிரம்பவே இல்லை என்பதால், யாருக்கும் அது பெரிய தொல்லையாக இருக்கவில்லை.

கதவுக் கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கிண்டல் என்பது இருக்கட்டும். பீகாரின் பணக்கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வாசல் கிடைக்காது. மேலே கொட்டிக்கொண்டே இருந்தார்கள். கீழே இருந்தவனுக்குக் கதவு திறக்கவே இல்லை.

‘பீகார் கதை நமக்கு எதுக்கு சார்?’ என்கிறீர்களா?

காரணம் இருக்கிறது. நம்ம ஊரில் எந்த மேம்பாலம் கட்டுகிற இடத்துக்குப் போனாலும், எந்த ஹோட்டல் சமையல்கட்டை எட்டிப் பார்த்தாலும், திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும், இந்தி பேசுகிற ஒரு பையன் நிற்கிறான். ‘எந்த ஊர்ப்பா?’ என்றால் பல சமயம் வருகிற பதில்: ‘பீகார்.’ அதே சமயம், டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர் உரக்கச் சொல்கிறார்: ‘நாம கட்டற வரியெல்லாம் பீகாருக்குத்தான் போகுது!’

இரண்டுமே உண்மைதான். ஆனால், இரண்டுக்கும் பின்னால் சுமார் 260 வருஷக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பையனைப் பார்த்துக் கோபப்படுவதும் தப்பு, பரிதாபப்படுவதும் தப்பு.

பக்ஸரில் ஆரம்பித்த கணக்கு

1764 அக்டோபர் 22. பீகாரின் மேற்கு எல்லையில் பக்ஸர் என்ற ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒரு பக்கம். மொகலாய பாதுஷா ஷா ஆலம், அவுத் நவாப், வங்காளத்தின் முன்னாள் நவாப் மூவரும் மறுபக்கம். ஒரே நாளில் மூன்று பேரும் தோற்றார்கள்.

அடுத்த வருஷம், 1765 ஆகஸ்ட் 12-ம் தேதி, ஷா ஆலம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். வங்காளம், பீகார், ஒரிசா மூன்று மாகாணங்களிலும் வரி வசூலிக்கும் உரிமை இனி கம்பெனிக்கு! ‘திவானி’ என்று அதற்குப் பெயர். வாங்கிக்கொண்டவர் ராபர்ட் கிளைவ். அதுவரை இந்தியாவில் சரக்கு வாங்கக் கம்பெனி இங்கிலாந்திலிருந்து வெள்ளியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இனி கவலையில்லை. இந்த ஊர்க்காரனிடம் வரி வாங்கி, அந்தக் காசிலேயே இந்த ஊர்ச் சரக்கை வாங்கிக் கப்பலில் ஏற்றலாம். எப்பேர்ப்பட்ட வியாபாரம், பாருங்கள்!

ஐந்தே வருஷத்தில், 1770-ல், பஞ்சம் வந்தது. வங்காளத்திலும் பீகாரிலுமாகச் செத்தவர்கள் ஒரு கோடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மூன்றில் ஒருவர்! மழை பொய்த்தது இயற்கை செய்த வேலை. அதற்குப் பிறகு நடந்ததுதான் மனிதன் செய்த வேலை. இவ்வளவு பேர் செத்தும் 1771-ன் நிகர வரி வசூல், பஞ்சத்துக்கு முந்தைய 1768-ஐ விட அதிகம். 1772-ல் லண்டனுக்கு இதை எழுதி அனுப்பியவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். செத்தவன் பங்கையும் சேர்த்து உயிரோடு இருந்தவனிடம் வசூலித்திருக்கிறார்கள்.

கோல்கர் கட்டியது இந்தக் குற்ற உணர்ச்சியில்தான்.

காரன்வாலிஸ் போட்ட பூட்டு

அடுத்து மேடைக்கு வருகிறவர் லார்ட் காரன்வாலிஸ். நமக்குத் தெரிந்த ஆசாமிதான். திப்பு சுல்தானைத் தோற்கடித்து, அவருடைய இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்துவந்தவர். அது 1792. மறுவருஷம் 1793 மார்ச் 22-ம் தேதி அவர் வெளியிட்ட ஒரு பிரகடனம்தான் பீகாரின் தலையெழுத்தை மாற்றியது.

‘நிரந்தர நிலவரித் திட்டம்’ என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பரீட்சை முடிந்ததும் மறந்தும் போயிருப்பீர்கள். விஷயம் ரொம்ப சிம்பிள்.

ஜமீன்தார்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர். விவசாயியிடமிருந்து வருகிற குத்தகையில் 11-ல் 10 பங்கு கம்பெனிக்கு. ஒரு பங்கு ஜமீன்தாருக்கு. மூன்று மாகாணங்களுக்கும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 2 கோடியே 68 லட்சம் ரூபாய். இந்தத் தொகை என்றைக்கும் மாறாது! விளைச்சல் கூடினாலும், விலைவாசி ஏறினாலும், காட்டைத் திருத்திப் புது வயல் போட்டாலும் அரசாங்கம் ஒரு பைசா கூடக் கேட்காது. கூடுதலாக வருவதெல்லாம் ஜமீன்தாருக்கே. ஆனால், குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரியைக் கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும்.

காரன்வாலிஸின் கணக்கு என்னவென்றால், லாபம் தனக்கே என்று தெரிந்தால் ஜமீன்தார் வாய்க்கால் வெட்டுவார், நல்ல விதை கொடுப்பார், இங்கிலாந்துப் பண்ணையார் மாதிரி நிலத்தை முன்னேற்றுவார். நடந்தது என்ன? நிலத்தை முன்னேற்றுவதைவிடக் குத்தகையை ஏற்றுவது சுலபம் என்று ஜமீன்தார் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். அவருக்குக் கீழே ஒரு குத்தகைக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர், அதற்கும் கீழே இன்னொருவர்... கடைசியில் சேற்றில் நின்றவன் தலையில் அத்தனை பேருடைய பங்கும்.

இதில் இன்னொரு விபரீதம் இருந்தது. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வரி நிரந்தரமாக உறைந்துபோனதால், அரசாங்கத்தின் கஜானாவும் உறைந்துபோனது. விலைவாசி ஏற ஏற, அதே ரூபாய்க்கு மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கட்ட அரசாங்கத்திடம் காசில்லை. காசு இருந்த ஜமீன்தாருக்கோ அது வேலையில்லை. இன்னொன்று, எந்த நிலம் யார் பயிரிடுகிறார், எவ்வளவு விளைகிறது என்ற முழுமையான கணக்கே அரசாங்கத்திடம் இல்லை. தேவையில்லையே! ஜமீன்தாரின் கணக்குப்பிள்ளை எழுதியதுதான் கணக்கு. 1885-ல் குத்தகைச் சட்டம் வந்த பிறகுதான் பீகார் ஜில்லாக்களில் வயல் வயலாக அளக்க ஆரம்பித்தார்கள்.

நம்ம பக்கம் என்ன நடந்தது? அதுவும் இதே காரன்வாலிஸ் புண்ணியம்தான். திப்புவிடமிருந்து 1792-ல் கைக்கு வந்த இடங்களில் பாரமகாலும் ஒன்று. அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். அங்கே கேப்டன் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ இருவரும் வேறு முறையைத் தொடங்கினார்கள். நடுவில் ஜமீன்தார் கிடையாது. விவசாயியின் பெயரிலேயே பட்டா. வயலை அளந்து வரி. சில பத்தாண்டுகளுக்கு ஒரு தடவை மறுபரிசீலனை. இதுதான் ரயத்துவாரி.

உடனே ‘மன்றோ வாழ்க’ என்று கோஷம் போட வேண்டாம். ரயத்துவாரி வரியும் கொடுமையாகத்தான் இருந்தது. கட்ட முடியாமல் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் ஏராளம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் நமக்கும் ஜமீன்தாரி இருந்தது. ஆனால், பட்டா, சிட்டா, அடங்கல் என்று நாம் தாலுகா ஆபீஸில் அலைகிறோமே, அந்தக் காகிதங்கள் எல்லாம் ஒரு அரசாங்கத்துக்கு நிலத்தையும் மனிதனையும் நேரடியாகத் தெரியும் என்பதற்குச் சாட்சி. பீகாரில் அந்தப் பழக்கமே நூறு வருஷம் தள்ளிப்போயிற்று. அபிஜித் பானர்ஜி (பிறகு 2019-ல் நோபல் வாங்கினாரே, அவர்தான்), லட்சுமி ஐயர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஜமீன்தார் கையில் இருந்த ஜில்லாக்கள், சுதந்திரத்துக்குப் பல வருஷம் கழித்தும்கூட விளைச்சலில் மற்ற ஜில்லாக்களைவிடப் பின்தங்கியே இருந்தன என்றது அது. ஜமீன் போனது. நிழல் போகவில்லை.

அபினும் அவுரியும்

விளைகிற மண்தானே, ஏன் ஏழ்மை? கங்கைச் சமவெளி! குச்சியை நட்டால் மரமாகும் பூமி!

பீகார் மண்ணில் பணம் விளையத்தான் செய்தது. ஆனால், வேறு யாருக்கோ. 1773-ல் அபின் வியாபாரத்தைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பாட்னாவில் குல்சார்பாக் என்ற இடத்தில் பெரிய அபின் கிடங்கு. விவசாயிக்கு முன்பணம் கொடுத்து, கசகசாச் செடி போடவைத்து, பாலைத் தான் வைத்த விலைக்கு வாங்கி, கல்கத்தாவில் ஏலம் போட்டுச் சீனாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். 19-ம் நூற்றாண்டின் சில காலகட்டங்களில் பிரிட்டிஷ் இந்திய அரசின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அபினிலிருந்து வந்தது. அது போன இடம் கல்கத்தா கஜானா.

(ஒரு துணுக்கு: இந்த அபின் இலாகாவில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயருக்கு 1903-ல் பீகாரின் மோதிஹாரியில் ஒரு பிள்ளை பிறந்தது. வளர்ந்து எழுத்தாளரான அந்தப் பிள்ளையை உலகம் ஜார்ஜ் ஆர்வெல் என்று அறிகிறது!)

அதே மோதிஹாரி இருக்கும் சம்பாரண் ஜில்லாவில், 20 கட்டா நிலத்தில் மூன்று கட்டாவுக்கு அவுரி போட்டே ஆகவேண்டும் என்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கட்டாயப்படுத்தினார்கள். 1917-ல் காந்தி அங்கே போய் இறங்கியதும், மறுவருஷம் சட்டம் போட்டு அந்தக் கட்டாயத்தை ஒழித்ததும் நமக்குத் தெரியும். அதற்கு வெகு முன்பே, 1834-லிருந்து, போஜ்புரி பேசும் ஏழைகள் கல்கத்தாவில் கப்பலேறி மொரீஷியஸ், டிரினிடாட் என்று கரும்புத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திருப்பூர் ரயிலில் ஏறுகிற இன்றைய பையனின் பயணம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நூறு வருஷத்துக்கு முந்தைய அதே சண்டை

1912-ல் வங்காளத்திலிருந்து பீகாரும் ஒரிசாவும் பிரிக்கப்பட்டுத் தனி மாகாணம் ஆயின. தேதி என்ன தெரியுமா? மார்ச் 22! காரன்வாலிஸ் பிரகடனம் வந்த அதே தேதி. பீகாரில் இன்றும் அன்றைக்குத்தான் மாநில தினம் கொண்டாடுகிறார்கள்.

புது மாகாணத்துக்குக் கையில் காசு இல்லை. நிலவரி உறைந்து கிடக்கிறது. வேறு தொழிலிலும் பெரிய வருமானம் இல்லை. இந்த நேரத்தில் வந்தது ஒரு சண்டை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு, டெல்லி அரசின் பட்ஜெட்டில் துண்டு விழும், அதை மாகாணங்கள் பங்குபோட்டுக் கட்டவேண்டும் என்று முடிவானது. யார் எவ்வளவு என்று சொல்ல லார்ட் மெஸ்டன் தலைமையில் ஒரு கமிட்டி. 1920-ல் அறிக்கை. மொத்தம் 983 லட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணம் கட்டவேண்டியது எவ்வளவு?

348 லட்சம்! நாட்டிலேயே அதிகம். ஐக்கிய மாகாணம் (இன்றைய உ.பி.) 240. பஞ்சாப் 175. பணக்கார பம்பாய் வெறும் 56. வங்காளம் 63.

பீகார்-ஒரிசா? பூஜ்யம்.

சென்னையில் எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! ‘நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?’ என்ற கேள்வி அன்றைக்கே இங்கே எழுந்துவிட்டது. மெஸ்டனின் தர்க்கம் இதுதான்: புது ஏற்பாட்டில் நிலவரி முழுக்க மாகாணங்களுக்குப் போகிறது. ரயத்துவாரி இருக்கும் சென்னைக்கு அதில் பெரிய லாபம். வரி உறைந்துபோன பீகாருக்கு என்ன லாபம்? அவன் கையில் ஒன்றுமில்லையே, எதைக் கட்டுவான்? 1793-ல் போட்ட பூட்டு 1920-ல் சென்னையின் பாக்கெட்டைத் தொட்டது.

சென்னையின் கோபமும் நியாயம். பீகாரின் கையில் காசில்லை என்பதும் நிஜம். இரண்டுக்கும் காரணமான காரன்வாலிஸ், காஜிப்பூரில் சமாதிக்குள் நிம்மதியாக இருந்தார். 1920-களின் முடிவுக்குள் இந்தப் பங்களிப்பு முறையை அரசே கைவிட்டது.

ஒரு வழி தேடி, 1938-ல் பீகார் அரசு விவசாய வருமானத்துக்கு வரி போட்டது. இந்தியாவிலேயே முதல் மாகாணம்! உறைந்த நிலவரியைத் தொட முடியாததால் பின்வாசல் வழியாக முயற்சி செய்தார்கள். சுதந்திரம் வந்ததும் ஜமீன்தாரியையே ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். தர்பங்கா மகாராஜா காமேஸ்வர் சிங் கோர்ட்டுக்குப் போனார். 1951 மார்ச்சில் பாட்னா ஹைகோர்ட் சட்டம் செல்லாது என்றது. அதே சமயம் நம்ம ஊரில் இடஒதுக்கீட்டு அரசாணையும் கோர்ட்டில் அடிபட்டிருந்தது. இரண்டு அடிக்கும் சேர்த்து மருந்து போட்டதுதான் 1951-ன் முதல் அரசியல் சட்டத் திருத்தம். சென்னை மாணவனும் பீகார் குத்தகைக்காரனும் ஒரே காகிதத்தில் காப்பாற்றப்பட்டார்கள்.

இரும்புக்கு ஒரே விலை

சரி, வெள்ளைக்காரன் போய்விட்டான். இனியாவது?

அன்றைய பீகார் சாதாரண மாநிலம் இல்லை. இன்றைய ஜார்க்கண்ட் முழுக்க அதற்குள்தான் இருந்தது. ஜம்ஷெட்பூரில் டாடாவின் இரும்பு ஆலை, ஜரியாவில் நிலக்கரி, சிந்த்ரியில் உரத் தொழிற்சாலை, பிறகு பொக்காரோ. இரும்பும் கரியும் பக்கத்துப் பக்கத்தில்! ஜெர்மனியில் ரூர் பிரதேசம் இப்படித்தானே பணக்காரப் பிரதேசம் ஆயிற்று?

இங்கே டெல்லி ஒரு முடிவெடுத்தது. ‘சரக்குக் கட்டணச் சமன்பாடு’ என்று பெயர். 1950-களில் ஆரம்பித்தது. அதன்படி இரும்பு, எஃகு, சிமென்ட் போன்றவற்றுக்கு நாடு முழுக்க ரயில்நிலையத்தில் ஒரே விலை. ஜம்ஷெட்பூர் ஆலையின் வாசலில் கடை வைத்திருப்பவன் என்ன விலை கொடுக்கிறானோ, அதேதான் 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருப்பவனுக்கும். ரயில் கட்டணத்தை எல்லோர் தலையிலும் சராசரியாகப் போட்டுவிட்டார்கள்.

நோக்கம் நல்லதுதான். நாடெங்கும் தொழில் பரவ வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால், நீங்கள் ஒரு தொழிலதிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பு செட்டோ, சைக்கிள் பாகமோ செய்யப் போகிறீர்கள். இரும்பு எங்கே வாங்கினாலும் ஒரே விலை. அப்போது எங்கே தொழிற்சாலை போடுவீர்கள்? துறைமுகம் இருக்கிற, ரோடு இருக்கிற, படித்த பையன்கள் கிடைக்கிற, மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற இடத்தில்தானே? பம்பாயில், சென்னையில், கோயம்புத்தூரில், லூதியானாவில். பீகாரின் ஒரே துருப்புச் சீட்டு, பக்கத்தில் இருக்கிற மலிவான இரும்பு. அதைப் பிடுங்கிக் கிழித்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பஞ்சுக்கு இப்படி ஒரு சலுகை இல்லை. பீகாரில் ஒருவர் நூற்பாலை வைக்க நினைத்தால், குஜராத்திலிருந்தோ மகாராஷ்டிராவிலிருந்தோ பஞ்சு கொண்டுவர முழு ரயில் கட்டணத்தையும் அவரே கொடுக்க வேண்டும். ‘உன் இரும்பு எல்லோருக்கும் பொது, என் பஞ்சு எனக்கு மட்டும்’ என்ற கதை. சுமார் நாற்பது வருஷம் ஓடியது இந்த ஏற்பாடு. 1990-களின் ஆரம்பத்தில்தான் முடிவுக்கு வந்தது. அதற்குள் தொழிற்சாலைகள் வேர்விட்ட இடத்திலிருந்து பெயர்த்து எடுத்து வர முடியுமா?

நம்முடைய வளர்ச்சி முழுக்க இதனால் வந்தது என்று சொன்னால் அது பெரிய பொய். பள்ளிக்கூடம், மதிய உணவு, கிராமத்துக்கு மின்சாரம், 1971-ல் சிப்காட்... இதெல்லாம் நாம் வியர்வை சிந்திச் சம்பாதித்தது. ஆனால், நாம் ஓடிய பந்தயத்தில் பக்கத்து ஓட்டக்காரன் காலில் யாரோ கல்லைக் கட்டியிருந்தார்கள் என்பதும் உண்மை. மேற்கு வங்கத்துக்கும் ஒரிசாவுக்கும் இதே கதைதான். இந்தக் காசு எந்த பட்ஜெட்டிலும் ‘பீகார் மற்ற மாநிலங்களுக்குக் கொடுத்த மானியம்’ என்று எழுதப்படவில்லை. எழுதாத கணக்கை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

கனிமத்திலாவது வரி போடலாமே? போட்டார்கள். ராயல்டியை நிர்ணயிப்பது மத்திய அரசு. அதன்மேல் மாநிலம் ‘செஸ்’ வசூலித்தது. 1989-ல் தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில், ராயல்டியே ஒரு வரிதான், அதன்மேல் மாநிலங்கள் செஸ் போட முடியாது என்றது சுப்ரீம் கோர்ட். 1991-ல் பீகாரின் செஸ்ஸும் விழுந்தது. 35 வருஷம் கழித்து, 2024 ஜூலையில், ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ‘ராயல்டி வரி அல்ல, மாநிலங்கள் கனிமத்துக்கு வரி போடலாம்’ என்று பழைய தீர்ப்பை மாற்றிவிட்டார்கள். பீகாருக்குச் சந்தோஷம்தானே?

இல்லை. அந்தச் சுரங்கங்கள் இப்போது பீகாரில் இல்லை!

உருளைக்கிழங்கும் மணலும்

2000 நவம்பர் 15. ஜார்க்கண்ட் பிறந்தது. அங்கிருந்த ஆதிவாசி மக்களின் நெடுங்காலக் கோரிக்கை அது, நியாயமான கோரிக்கை. அவர்கள் மண்ணைத் தோண்டி எடுத்ததில் அவர்களுக்கும் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால், மிச்சமிருந்த பீகாருக்கு என்ன ஆனது? பரப்பளவில் 54 சதவிகிதம், மக்கள்தொகையில் முக்கால் பங்கு. ஜம்ஷெட்பூர், பொக்காரோ, தன்பாத், ராஞ்சி எல்லாம் அந்தப் பக்கம். ‘நமக்கு மிஞ்சியது ஆலுவும் பாலுவும்தான்’ என்று பாட்னாவில் நொந்துகொண்டார்கள். ஆலு என்றால் உருளைக்கிழங்கு. பாலு என்றால் வெள்ளம் வந்து போட்டுவிட்டுப் போகிற மணல்.

எல்லாப் பழியையும் டெல்லி மேலும் காரன்வாலிஸ் மேலும் போட்டுவிட்டுக் கைகழுவ முடியாது. பீகாரை பீகார்க்காரர்களும் சுரண்டினார்கள். 1996-ல் சாய்பாசா கருவூலத்தில் வெடித்த மாட்டுத்தீவன ஊழல் சுமார் 950 கோடி ரூபாய். பொய் ரசீது போட்டு, பட்ஜெட்டில் ஒதுக்கியதைவிடப் பல மடங்கை வருஷக்கணக்காகக் கருவூலத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒரு கஜானாவுக்குத் தன்னிடமிருந்து எவ்வளவு போகிறது என்பதே தெரியவில்லை என்றால், அதற்குப் பெயர் கஜானாவா? 2013-ல் லாலு பிரசாத், ஜெகந்நாத் மிஸ்ரா என்று எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த இரண்டு முன்னாள் முதல்வர்களைக் கோர்ட் குற்றவாளிகள் என்றது. கொள்ளையில் மட்டும் கட்சி பேதம் இல்லை.

பேங்குகளும் தங்கள் பங்குக்கு ஒரு வேலை செய்தன. 2000-களின் ஆரம்பத்தில் பீகார் மக்கள் 100 ரூபாய் டெபாசிட் போட்டால், அந்த மாநிலத்தில் கடனாகக் கொடுக்கப்பட்டது 25 ரூபாய்க்கும் குறைவு. தமிழ்நாட்டில் அது மூன்று மடங்குக்கும் மேல். பீகாரிலிருந்து பையன் மட்டும் வெளியூர் போகவில்லை. அவன் அம்மா சேர்த்துவைத்த பணமும் கூடவே போயிற்று. ஏழை ஊரின் சேமிப்பு பணக்கார ஊரில் தொழிலாகிறது. தொழில் இருக்கும் ஊருக்கே ஏழை ஊர்ப் பையன் கூலியாக வருகிறான்.

2005-க்குப் பிறகு நிலைமை மாறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரோடு போட்டார்கள். 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் கொடுத்தார்கள். அதனால் உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்கள் 32 சதவிகிதம் அதிகரித்ததாக கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் ஆய்வு சொல்கிறது. ஒரு சைக்கிள் செய்த வேலை! ஆனால், சொந்தக் காலில் நிற்கும் கஜானா இன்னும் வரவில்லை. பீகார் அரசின் வருமானத்தில் சுமார் முக்கால் பங்கு டெல்லியிலிருந்து வருவது. 2016 ஏப்ரலில் பூரண மதுவிலக்கு கொண்டுவந்தபோது, வருஷத்துக்கு 3,000 கோடிக்கும் மேலான வருமானத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். (நம்ம டாஸ்மாக் 2023-24-ல் கஜானாவுக்குக் கொடுத்தது 45,000 கோடிக்கும் மேல். யார் செய்தது சரி என்று அவரவர் வீட்டுப் பெண்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்!) சிறப்பு அந்தஸ்து கேட்டு வருஷக்கணக்காகக் கெஞ்சினார்கள். 2024 ஜூலையில் பார்லிமென்ட்டிலேயே ‘முடியாது’ என்று பதில் வந்தது.

டீக்கடைக்காரருக்கு ஒரு பதில்

இப்போது டீக்கடைக்குத் திரும்புவோம்.

2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு, மாநிலங்களுக்குப் பிரிக்கும் வரிப்பணத்தில் பீகாருக்குக் கொடுத்தது 10.058 சதவிகிதம். 2011 கணக்குப்படி நாட்டின் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 6 சதவிகிதம் இருக்கும் நமக்கு 4.079. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததற்குத் தண்டனையா என்று நாம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஆனால், கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம். 1920-ல் சென்னை மெஸ்டனிடம் கேட்டது, பீகார் விவசாயியிடம் அல்ல. அந்த விவசாயிக்கு பூஜ்யத்தால் எந்தச் சுகமும் வரவில்லை. இன்றைக்கு 10 சதவிகிதம் போனாலும் தனிநபர் வருமானத்தில் பீகார், தேசிய சராசரியின் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. பணம் கொடுப்பது மட்டுமே வைத்தியமாக இருந்தால் இத்தனை வருஷத்தில் நோய் குணமாகியிருக்க வேண்டுமே! பணம் மேலே கொட்டப்படுகிறது. கீழே தொழிலாகவும் சம்பளமாகவும் வெளியே வரவில்லை. அதனால்தான் அந்தப் பையன் ரயில் ஏறுகிறான்.

2023 மார்ச்சில் ஒரு கூத்து நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பிப் பார்த்தது. அந்தச் சில நாட்கள் நம்ம முதலாளிகள் பட்ட பதற்றத்தை நினைத்துப் பாருங்கள். ‘தம்பி, பயப்படாதே, போகாதே’ என்று கெஞ்சாத குறை. அவன் போய்விட்டால் மெஷின் நின்றுவிடும், மேம்பாலம் நின்றுவிடும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

நாம் பீகாருக்கு அனுப்புகிற பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. தசம ஸ்தானம் மூன்று வரை சுத்தமாக இருக்கிறது. பீகார் நமக்கு அனுப்பியதற்குத்தான் கணக்கு இல்லை. நாற்பது வருஷம் ஒரே விலையில் வந்த இரும்பு, பேங்க் வழியாக வந்த சேமிப்பு, பிறகு இருபது வயசில் வளர்ந்து ஆளாகி வந்து நிற்கும் பிள்ளை. அவனைப் பெற்று வளர்த்த செலவு அந்த ஊருடையது. அவன் உழைப்பு நம்முடையது.

அடுத்த தடவை அவனைப் பார்க்கும்போது, ‘எந்த ஊர்ப்பா?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த ஜில்லா என்று கேளுங்கள். பக்ஸர் என்பான், தர்பங்கா என்பான், மோதிஹாரி என்பான். இனி அந்தப் பெயர்கள் உங்களுக்கு அந்நியமில்லை.

பாட்னா பக்கம் என்று சொன்னால், கோல்கர் பார்த்திருக்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதவுக் கதையை உங்களைவிட நன்றாக அவன் சொல்லுவான்.